கண்ணாடித் தொட்டியிற் பூசல்

பிற உயிர்களை வளர்த்து இன்புறுதல் மக்கட்கு இயல்பாய் அமைந்த விருப்பங்களுள் ஒன்று. ஆவும் நாயும் கிளியும் வளர்ப்போர் அவற்றின் குரலைக் கேட்டு, பசியோ அச்சமோ சினமோ என்பதை ஒருவாறு உணர்ந்து கொள்வர். மீன் வளர்ப்போர்க்கு அவ்வாய்ப்பு இல்லை. அடிபட்ட மீன் நம் செவிக்கு எட்டுமாறு அலறுவதில்லை. அடித்த மீனும் உறுமுவதில்லை. ஆதலின் நடுக்கூடத்தில், எல்லார் கண்ணெதிரிலும் வைக்கப்பட்ட தொட்டி ஒன்றனுள், வீட்டார் அறியாமலே நாட்கணக்கில் ஒரு போர் நடத்தல் கூடும். மீன்தொட்டி காண்பார்க்கு மன அமைதி தரும் என்பர். தருவது உண்மையே. அத்தொட்டிக்குள் வாழ்வனவற்றிற்கு அமைதி உண்டோ என்பது வேறொரு வினா. அவ்வினாவுக்கு விடை தேட நேர்ந்த வரலாற்றையே ஈண்டு எழுதப் புகுகின்றேன்.

எங்கள் ஊர் வடக்கனந்தல். கள்ளக்குறிச்சியிலிருந்து மேற்கே கல்வராயன் மலையை நோக்கிச் செல்வோர், மலையடிவாரத்தை அணுகுமுன் இவ்வூரைக் காண்பர். மலையில் பெய்யும் மழை கோமுகி ஆறாய் இறங்கி, அடிவாரத்தில் அமைந்த கோமுகி அணையில் தேங்கி, வாய்க்கால்களின் வழியே எங்கள் நெல் வயல்களுக்கும் கரும்புத் தோட்டங்களுக்கும் வருகின்றது. இவ்வூரிற் பிறந்தார்க்கு மீன் புதியதன்று. வாய்க்காலிற் கெண்டையும், சேற்றில் விராலும், கற்சந்துகளிற் கெளுத்தியும் பிடித்துத் திரியாத சிறுவர் இலர். ஆயினும் மீனை விலைகொடுத்து வாங்கிக் கண்ணாடிக்குள் விட்டு வேடிக்கை பார்த்தல் எங்கள் தெருவிற்குப் புதுமையாகவே இருந்தது. மீன் வந்த அன்று, “இதைக் குழம்பு வைக்க எத்தனை நாள் ஆகும்?” என்று அண்டை வீட்டு மூதாட்டியார் வினவியதை இன்றும் எண்ணி நகைப்போம்.

வேடிக்கைக்காக நாங்கள் அத்தொட்டியை வாங்கினோமல்லோம். என் தந்தையார் வரப்பிற் சறுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தமையால், பல திங்கள் சாய்வு நாற்காலியிலேயே இருக்க வேண்டியவரானார். ஐம்பது ஆண்டுகளாய் விடியுமுன் எழுந்து மடை திருப்பச் சென்ற ஒருவர், சுவரை நோக்கி அமர்ந்திருத்தல் எத்தகைய துன்பம் என்பதை நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை. அவர் பேச்சுக் குறைந்தது, உணவும் குறைந்தது. அவர் பார்வைக்கு உயிருள்ள ஏதேனும் ஒன்று வேண்டுமென எண்ணி, மூன்றடி நீளமும் ஓரடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் உடைய கண்ணாடித் தொட்டி ஒன்றை நாற்காலிக்கு எதிரே அமைத்தோம். ஏறக்குறைய 120 லிட்டர் நீர் கொள்ளும் அத்தொட்டியில், கல்லும் மணலும் இட்டு, சில நீர்ச்செடிகளை நட்டு, வடிகட்டும் கருவியைப் பொருத்தி, சில வாரங்கள் நீரைப் பதப்படுத்திய பின் ஆறு ஏஞ்சல் மீன்களை விட்டோம். தமிழகத்தில் வண்ண மீன்களுக்குப் பேர்பெற்ற சென்னைக் கொளத்தூரில் அவை வாங்கப்பட்டன. அப்பொழுது ஒவ்வொன்றும் பழைய எட்டணா நாணயத்தின் அளவே இருந்தது.

ஏஞ்சல் மீன் தென்னமெரிக்காவின் அமேசான் ஆற்று வெளியைத் தாயகமாக உடையது. உடல் தட்டையாய், மேலும் கீழும் நீண்ட துடுப்புகளோடு, பிறைத் துண்டு ஒன்று நீரில் நிற்பது போலத் தோன்றும். வெள்ளியுடலிற் கரிய பட்டைகள் ஓடும். அசைவிலே ஒரு பெருமிதம் உண்டு. தேவதூதன் என்னும் பொருளுடைய பெயரை வணிகர் இதற்கு இட்டது அத்தோற்றம் பற்றியே போலும். ஒழுக்கம் பற்றியிருத்தல் இயலாது.

மூன்று நான்கு திங்கள் யாவும் இனிதாகவே நடந்தன. தந்தையார் விழித்ததும் முதலில் நோக்குவது தொட்டியை. என் தமையனாரின் ஏழு வயது மகள் ஒவ்வொரு மீனுக்கும் ஒரு பெயர் சூட்டினாள். யாவற்றினும் பெரியதற்குத் ‘துரை’ என்றும், யாவற்றினும் சிறியதற்குப் ‘பொடியன்’ என்றும் பெயர். தாத்தாவும் பேத்தியும் மாலைதோறும் மீன்களின் நலத்தைப் பற்றி உரையாடுவர். வீட்டில் மீண்டும் பேச்சொலி கேட்டது.

பின்னர் மீன்கள் உள்ளங்கையளவு வளர்ந்தன, பூசலும் வளர்ந்தது. முதலில் ஒன்றை ஒன்று பக்கவாட்டில் அணுகித் துடுப்புகளை விரித்து நிற்கும். செவுள் மூடிகளை உப்பித் தன்னைப் பெரிதாகக் காட்டும். வாலை விசிறி எதிரியின் மேல் நீரை மோதும். இவ்வளவிலே ஒன்று விலகிவிட்டால் பூசல் முடிந்தது. விலகாவிட்டால் இரண்டும் வாயோடு வாய் கவ்வி, மல்லர் கைகோத்து இழுப்பதுபோல் இழுக்கும். தோற்றது துடுப்பை ஒடுக்கி, நிறம் மங்கி ஓடும். காட்சி அழகியதே, ஆயின் ஓடியதைத் துரை விடுவதில்லை. தொட்டியின் இடப்பாதி முழுவதையும் தனதாக்கிக் கொண்டு, எஞ்சியவற்றை வலப்பக்க மூலைக்கு ஓட்டிற்று. மூலையிலும் மேலும் கீழுமாக ஒரு வரிசை ஏற்பட்டது. துரையிடம் அடிபட்டது அடுத்ததை அடித்தது, அடுத்தது அதற்கடுத்ததை. வரிசையின் கடையில் நின்ற பொடியன் யாரையும் அடிப்பதற்கில்லாமல், நீர்மட்டத்தை ஒட்டி, தலை சாய்ந்து நின்றான். வால் நார்நாராய்க் கிழிந்திருந்தது. உணவு இட்டால் வாயை அசைப்பதுமில்லை.

இதனாற் பெரிதும் வருந்தியவர் தந்தையார். “அவனைப் பாரடா தம்பி, இரண்டு நாளாய் ஒரு வாய் உண்ணவில்லை” என்பார். அவர் தட்டும் அன்று பாதியிலே தள்ளி வைக்கப்பட்டிருக்கும். ஆறுதலுக்கென வைத்த தொட்டி அவர்க்குத் துயரத்தின் காட்சியாய் மாறிற்று. குழந்தையோ வேறு வழி கண்டாள். “சித்தப்பா, துரையைத் தூக்கி வெளியே போட்டுவிடுங்கள், கெட்ட மீன்” என்றாள். அவள் தீர்ப்பு மிக எளியது. உலகிற் பெரும்பாலார் வழங்கும் தீர்ப்பும் அதுவே. ஆயினும் நம் கல்லூரியில் விலங்கியல் பயின்றவன் அதனை ஆராயாது ஏற்றல் தகாதன்றோ? நம் விலங்கியற் கூடத்துப் புட்டிகளில் ஊறிய மீன்கள் ஒன்றையொன்று கடித்ததில்லை. ஆகவே நூல்களை மீண்டும் புரட்ட வேண்டியதாயிற்று.

மீன்கள் ஏன் சண்டையிடுகின்றன? கான்ராட் லாரன்ஸ் என்னும் ஆஸ்திரிய அறிஞர் பவளப்பாறை மீன்களைத் தொட்டியிலும் கடலிலும் கண்டு, 1963ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இவ்வினாவை ஆராய்ந்தார். ஒரு மீன் தன் இனத்தானையே மிகுதியாகத் தாக்குகின்றது. வேற்றினத்தானைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை என்பது அவர் கண்டது. காரணம் வெளிப்படை. தன் இனத்தானே தான் உண்ணும் உணவை உண்பவன். தான் விரும்பும் இடத்தை விரும்புபவன். தான் நாடும் துணையை நாடுபவன். பங்காளியிடமே வரப்புத் தகராறு வரும் என்பதை எங்கள் ஊரார்க்கு எந்த நூலும் கற்பிக்க வேண்டுவதில்லை.

அவருடன் 1973ஆம் ஆண்டு நோபெல் பரிசைப் பகிர்ந்து கொண்டவருள் ஒருவரான நிக்கோ டின்பெர்கன், முதுகில் மூன்று முட்களையுடைய ஒரு சிறு மீனை ஆராய்ந்தவர். கூடு கட்டும் பருவத்தில் அம்மீனின் ஆணுக்கு அடிவயிறு செந்நிறமாகும். மற்றோர் ஆணின் செந்நிறம் கண்டதும் அது தாக்க எழும். மீனின் வடிவே இல்லாத கட்டையாயினும், அடியிற் செந்நிறம் பூசியிருந்தால் போதும். அவருடைய ஆய்வுக்கூடச் சாளரத்தருகே இருந்த தொட்டிகளில், தெருவிற் செந்நிற அஞ்சல் வண்டி சென்றபோதெல்லாம் ஆண் மீன்கள் அதன்மேற் பாய முயன்றனவாம். மீனின் சினம் நாம் எண்ணும் வஞ்சம் அன்று. ஒரு குறியைக் கண்டவுடன் எழும் இயல்பூக்கமே என்பது இதனாற் பெறப்படும்.

பூசலுக்கென்றே பேர்பெற்ற மீனும் உண்டு. நம் கடைகளிற் ‘ஃபைட்டர்’ என்று சிறு புட்டிகளில் தனித்தனியே விற்கப்படும் சயாம் நாட்டுச் சண்டைமீன் அது. 1910ஆம் ஆண்டு ரீகன் என்பவர் அதற்கு இன்று வழங்கும் விலங்கியற் பெயரைச் சூட்டினார். 2019ஆம் ஆண்டு தாய்லாந்து அரசு அதனைத் தன் நாட்டின் தேசிய நீர்வாழ் உயிராக அறிவித்தது. இரண்டு ஆண்களை ஒரு கலத்தில் விட்டால் துடுப்புக் கிழியப் போரிடும். ஆடி காட்டினால் தன் நிழலோடும் பொரும். ஆயினும் அதுவும் கண்மூடிப் போரிடுவதன்று. ஒலிவெய்ராவும் அவர் குழுவினரும் 1998ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வொன்றில், பிற ஆண்கள் இருவர் பொருவதைக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து கண்ட மீன், வென்றவனை அணுகத் தயங்குகின்றது என்று காட்டினர். 2007ஆம் ஆண்டு ஸ்டான்ஃபோர்டுப் பல்கலைக்கழகத்தார் ஆப்பிரிக்க மீனொன்றைக் கொண்டு இதனினும் வியத்தகு செய்தியை வெளியிட்டனர். முதல்வன் இரண்டாமவனை வென்றான், இரண்டாமவன் மூன்றாமவனை வென்றான் என இணையிணையாகக் கண்ட மீன், நேரிற் பொருதறியாத இருவருள் எவன் வலியன், எவன் மெலியன் என்பதைத் தானே உய்த்துணர்ந்ததாம். மீனுக்கு மூன்று நொடி நினைவே உண்டு என்று கூறுவோர் இதனைக் கருதுவாராக.

இவற்றை எல்லாம் படித்தபின் ஒரு கருத்து எனக்குத் தெளிவாயிற்று. ஆற்றில் வாழும் மீன்களிடையே பூசல் பெரும்பாலும் சுருக்கமானது. துடுப்பு விரித்தல், செவுள் உப்புதல், வாய் கவ்வுதல் ஆகியவை யாவும் கொலையைத் தவிர்ப்பதற்கு ஏற்பட்ட சடங்குகள். வலிமை தெரிந்தவுடன் மெலியது ஓடிவிடும். ஓடினால் வென்றது துரத்துவதை நிறுத்திவிடும். ஏனெனில், ஓடியது இப்பொழுது அதன் எல்லைக்கு வெளியே சென்றுவிட்டது. தொட்டியிலோ ஓடியது எங்கே செல்லும்? மூன்றடிக்கு அப்பால் கண்ணாடி. அது எல்லையை விட்டு நீங்கவில்லை. ஆதலின் வென்றது, எதிரி இன்னும் பணியவில்லை எனக் கொண்டு மீண்டும் மீண்டும் தாக்குகின்றது. பணிவைத் தெரிவிக்க மெலியதிடம் இருந்த ஒரே மொழி ஓட்டம். அம்மொழியை நாம் பறித்துவிட்டோம். எனவே துரை கெட்டவனும் அல்லன். பொடியன் கோழையும் அல்லன். சிறு பூசலைக் கொடும்போராக்குவது சுவர். சுவரை எழுப்பியவரே அதற்குப் பரிகாரமும் செய்தல் வேண்டும்.

பரிகாரங்களை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து பார்த்தோம். முதலாவது, குழந்தையின் தீர்ப்பைச் சோதித்தல். துரையை வேறொரு கலத்திற்கு மாற்றினோம். ஒரு பகல் அமைதி நிலவிற்று. மறுநாட் காலையில் வரிசையில் இரண்டாவதாயிருந்த மீன் பட்டைகள் கறுத்துப் பளபளக்க, துரை இருந்த இடத்தில் நின்று, துரை செய்தவற்றையே செய்தது. மேற்கூறிய ஆப்பிரிக்க மீனைப் பற்றி 2005ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வு, தலைமை மீனை நீக்கிய சில நிமிடங்களிலேயே அடங்கியிருந்த ஆண் நிறம் மாறித் தலைமை கொள்கின்றது என்றும், அதன் மூளையிலும் உடனே மாற்றம் நிகழ்கின்றது என்றும் கூறுகின்றது. அரியணை இருக்கும்வரை அரசன் இல்லாமற் போவதில்லை. ஆளை மாற்றுவதால் மட்டும் பயனில்லை என்பதைக் குழந்தையும் கண்டுகொண்டாள். “இவனும் துரையாகிவிட்டானே, சித்தப்பா!” என்று அவள் கூறியதினும் சுருக்கமாக அவ்வாய்வுரையை எவரும் எடுத்துரைத்தல் அரிது.

இரண்டாவது, இடத்தை மாற்றியமைத்தல். கற்களையும் செடிகளையும் எடுத்து, முன்பிருந்த அமைப்பு முற்றும் அழியுமாறு வேறு வகையாக அடுக்கினோம். எல்லைக் கற்கள் மறைந்தால் பழைய உரிமைகளும் மறைகின்றன. ஒவ்வொரு மீனும் புதிய இடத்தை அறிவதில் ஈடுபட, சில நாட்கள் பூசல் தணியும். இதனோடு, தொட்டியின் நடுவே உயர்ந்த மரக்கட்டை ஒன்றையும் அடர்ந்த செடிகளையும் நிறுத்தினோம். ஒரு முனையிலிருந்து மறுமுனை தெரியாதபடி பார்வையை மறித்தல் இதன் நோக்கம். தொட்டியை நீளமாக்க இயலாது. ஆயினும் கண்ணுக்கு எட்டாத இடம் மீனுக்குத் தொலைவான இடமே. துரையைத் திரும்ப விட்டதும் இவ்வமைப்பினுள்ளேதான். விளக்கை அணைத்துவிட்டு இரவில் விட்டோம்.

மூன்றாவது பரிகாரம் என் தந்தையாருடையது. நாள்தோறும் ஒரே இடத்தில் உணவு தூவப்படுவதையும், துரை அங்கே காவல் நின்று வயிறு நிறைந்த பின்னரே பிறவற்றை விடுவதையும் அவர் நாற்காலியிலிருந்து நோக்கிக் கொண்டிருந்தார். ஒரு நாள், “தலைமடைக்காரன் நிறைய எடுத்தான் என்பதற்கன்று சண்டை, கடைமடைக்குச் சொட்டும் வரவில்லை என்பதற்கே சண்டை. கடைமடைக்குத் தனியே ஒரு மடை திறந்து விடு” என்றார். அணையின் வாய்க்காலில் முறைவைத்து நீர் பாய்ச்சிய காலத்தில் எத்தனையோ வழக்குகளைத் தீர்த்தவர் அவர். அவர் சொற்படி இரண்டு முனைகளிலும் ஒரே நேரத்தில் உணவிட்டோம். துரை இடமுனையில் உண்கையில் பொடியனுக்கு வலமுனையில் இரண்டு வாய் கிட்டிற்று. மீன் வளர்ப்பைப் பற்றிய நூல்களும் இதனையே கூறுகின்றன. ஆயினும் அவர் அந்நூல்களைப் படித்தவரல்லர்.

நான்காவது, நீரைப் பேணுதல். மீன்கள் செவுளின் வழியாக அம்மோனியாவை வெளியிடுகின்றன. அது நச்சுத் தன்மையுடையது. வடிகட்டியிலும் மணலிலும் குடியேறும் நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாகவும், பின்னர்த் தீமை குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதிய தொட்டியில் இந்நுண்ணுயிர்கள் நிலைகொள்ள நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகலாம். நீர் கெட்டால் மீன்கள் நலிவுறும்; நலிந்தது அடியைத் தாங்காது; கிழிந்த துடுப்பும் அழுகும். எங்கள் ஊர்க் கோடையில் நீர் சூடேறும்போது அதிற் கரைந்திருக்கும் உயிர்வளியும் குறையும். ஆதலின் வாரந்தோறும் நான்கிலொரு பங்கு நீரை மாற்றினோம். மின்சாரம் நின்ற வேளைகளிற் குவளையால் நீரை மொண்டு ஊற்றிக் காற்றூட்டினோம். இப்பணியைத் தந்தையார் தமதாக்கிக் கொண்டார். நாற்காலியிலிருந்து ஊன்றுகோலின் துணையோடு அவர் முதன்முதல் எழுந்தது மருத்துவர் சொல்லியதற்காக அன்று. மின்சாரம் நின்ற ஒரு நண்பகலில் குவளையை எடுப்பதற்காக.

இவற்றால் பூசல் பாதியளவு குறைந்தது, ஒழியவில்லை. ஒரு விடியற்காலையிற் பொடியன் நீர்மேல் மிதந்தான். குழந்தை அவனைக் கொய்யா மரத்தடியிற் புதைத்தாள். தந்தையார் அன்று முழுதும் பேசவில்லை. மறுநாள் தொட்டியைத் துடைக்கும்போது, வடிகட்டியின் குழாயில், கடுகினும் சிறிய மணிகள் வரிசை வரிசையாய் ஒட்டியிருக்கக் கண்டேன். துரையும் மற்றொரு மீனும் மாறி மாறி அவற்றின் முன் நின்று, துடுப்பால் நீரை விசிறிக் கொண்டிருந்தன. அவை முட்டைகள். வெண்மையாய்க் கெட்ட முட்டைகளை ஒவ்வொன்றாகத் துணைமீன் வாயால் எடுத்து நீக்கிற்று. கண்ணாடியின் அருகே என் விரலைக் கொண்டு சென்றேன். துரை விரலின் மேற் பாய்ந்தது. தன்னினும் நூறு மடங்கு பெரிய என்னையும் அது அஞ்சவில்லை.

குழந்தை நெடுநேரம் நோக்கியிருந்து, “துரை அப்பாவா?” என்று கேட்டாள். “ஆம், தாயோ தந்தையோ, இரண்டில் ஒன்று” என்றேன், ஏஞ்சல் மீன்களில் ஆண் பெண் வேறுபாடு புறத்தோற்றத்தால் எளிதில் விளங்குவதில்லை. அவள் முகத்திலிருந்த சினம் நீங்கிற்று. ஆயினும் கொய்யா மரத்தடியைத் திரும்பிப் பார்த்தாள். தந்தை என்பதனாற் செய்த கொடுமை கொடுமை அல்லாமற் போய்விடாது. கொடுமை செய்ததனால் தந்தையின் பரிவு பொய்யாகியும் விடாது. இவ்விரண்டையும் ஒருங்கே மனத்திற் கொள்ளுதல் ஏழு வயதினர்க்கன்று, எழுபது வயதினர்க்கும் அரிது. எங்கள் வாய்க்காலில் விரால் தன் செந்நிறக் குஞ்சுகளைச் சூழ்ந்து நின்று, கால் வைப்போரைக் கடிக்க வருவதை நான் சிறுவயதில் அறிவேன். அப்பொழுது அதனைத் தாயன்பு என்றே கூறினோம். கண்ணாடிக்குள் அதனையே போக்கிரித்தனம் என்றோம்.

இனிச் செய்யத்தக்கது யாது என்ற ஆராய்ச்சியில், உறவினர் ஒருவர், “இணையைக் கொண்டுபோய்க் கோமுகி அணையில் விட்டுவிடுங்கள், புண்ணியமாகப் போகும்” என்றார். நல்லெண்ணத்தாற் கூறியதே. ஆயினும் இவ்வகைப் புண்ணியத்தின் பயனை நம் நாட்டு நீர்நிலைகள் இன்றளவும் துய்க்கின்றன. 1952ஆம் ஆண்டு உணவு மீனாக இந்தியாவிற்குக் கொணரப்பட்ட ஆப்பிரிக்கத் திலாப்பியா, அதாவது நாம் ‘ஜிலேபிக் கெண்டை’ என்பது, ஏரி குளங்களிற் பரவி நம் நாட்டு மீன்களின் உணவுக்கும் இடத்திற்கும் போட்டியாயிற்று. தொட்டியின் பாசியைத் தின்னும் என்று விற்கப்படும் ‘டேங்க் கிளீனர்’ என்னும் தென்னமெரிக்கக் கெளுத்தியினம், பெரிதாய் வளர்ந்தபின் வளர்ப்போராற் குளங்களில் விடப்பட்டுத் தமிழகத்து ஏரிகள் பலவற்றில் வலைகளைக் கிழித்து வலைஞர்க்கு இடர் விளைக்கின்றது. ஒரு தொட்டியின் பூசலைத் தீர்க்க ஓர் ஆற்றில் பூசலைத் தொடங்குதல் அறமன்று. வளர்க்க இயலாத மீனை வேறொரு வளர்ப்போரிடமோ கடைக்காரரிடமோ ஒப்படைத்தலே முறை.

நாங்கள் கண்ட தீர்வு பாகப்பிரிவினை. இரண்டடி நீளமுள்ள மற்றொரு தொட்டியை வாங்கி, துரையையும் துணையையும் அதிற் குடியேற்றினோம். எஞ்சிய மூன்றும் பழைய தொட்டியில் இருந்தன. அவற்றுள்ளும் ஒரு வரிசை உண்டு, அவ்வப்போது ஒன்றை ஒன்று விரட்டுவதும் உண்டு, ஆயினும் துடுப்புக் கிழிவதில்லை, எல்லாம் உண்ணுகின்றன. பூசலே இல்லாத தொட்டியை நான் இதுவரை கண்டதில்லை. அளவுக்குட்பட்ட பூசல் உயிரின் இயல்பு. ஓடவும் ஒளியவும் உண்ணவும் வழியுள்ள இடத்தில் அது அளவைக் கடப்பதில்லை. புதிய தொட்டியில் இணையின் முதல் ஈட்டு முட்டைகளை அவையே தின்றுவிட்டன. அவ்வினத்தில் அது அரிதன்று. இரண்டாம் ஈட்டில் இரண்டு மூன்று நாட்களிற் குஞ்சு பொரிந்தன. மேலும் ஒரு வாரத்திற்குள் தூசு போன்ற குஞ்சுகள் பெற்றோரைச் சூழ்ந்து நீந்தின. அக்காட்சியைக் காணத் தந்தையார் கூடத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தே சென்றார்.

மீன் வளர்க்க விரும்பும் மாணவ நண்பர்க்கு என் பட்டறிவினின்றும் சில கூறுதல் பொருந்தும். அழகைக் கண்டு வாங்குவதற்குமுன், அம்மீன் எத்துணைப் பெரிதாய் வளரும், எவ்வினத்தோடு ஒத்து வாழும் என்பவற்றை வினவுக. கடையில் இரண்டங்குலமே உள்ள ஆஸ்கர் மீன் ஓரடியளவு வளர்ந்து, தன் வாயிற்கு அடங்கும் தோழர்களை விழுங்கும். ‘டைகர் பார்பு’ என்னும் வரிக்கெண்டையை இரண்டு மூன்றாக வாங்கினால் அவை பிற மீன்களின் நீண்ட துடுப்பைக் கொத்தும். எட்டுப் பத்தாகக் கூட்டமாய் விட்டால் பெரும்பாலும் தமக்குள்ளேயே விளையாடிக் கொள்ளும். கப்பி மீன்களில் ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண்கள் இருத்தல் நன்று. இன்றேல் பெண்கள் ஓயாது துரத்தப்பட்டு மெலியும். சண்டைமீனின் ஆணை மற்றோர் ஆணோடு ஒருபொழுதும் சேர்க்கற்க. புதிய மீனை விடும் நாளிற் கற்களை இடம் மாற்றி, விளக்கை அணைத்து விடுக. நிறம் மங்கி மூலையில் நிற்கும் மீனைக் கண்டால் முதலில் நீரை ஆராய்க. பின்னரே எதிரியைத் தேடுக. யாவற்றினும் முதன்மையாக, உணவிடும் நேரத்தில் யார் உண்கின்றது என்பதைக் காட்டிலும் யார் உண்ணவில்லை என்பதை நோக்குக. தொட்டியின் நலம் கடைசி மீனில் தெரியும்.

மேலை நாட்டில் இக்கலை பரவத் தொடங்கிய நாளில், 1853ஆம் ஆண்டு லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் முதற் பொது மீன்காட்சிச்சாலை திறக்கப்பட்டது. நம் சென்னை மெரீனாக் கடற்கரையிலும் 1909ஆம் ஆண்டு ஒன்று திறக்கப்பட்டு, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மூடப்பட்டது. உயிரைக் கண்ணாடிக்குள் அடக்கிக் காணும் இவ்வின்பம் மக்களிடையே பெரிதும் பரவி இருநூறு ஆண்டுகள்கூட நிறையவில்லை. அவ்வின்பத்தோடு ஒரு கடமையும் வந்தது. ஆற்றுக்கு நாம் பொறுப்பாளர் அல்லேம், தொட்டிக்கு ஆவோம். அதன் வெப்பமும் நீரும் உணவும் எல்லையும் நம் கையில் உள்ளன. அங்கே ஒன்று மற்றொன்றைக் கொன்றால், இயற்கையின் நியதி என்று கூறிக் கைகழுவுதல் நமக்கு இயலாது.

பாண்டியர் தம் கொடியில் இரண்டு கயல்களை அருகருகே பொறித்தனர். கொடியில் அவை பூசலின்றி இருத்தலில் வியப்பில்லை. துணியில் இடம் கேட்பாரில்லை. உயிருள்ளவை ஒருங்கு வாழ வேண்டுமாயின் இடம் பகிர்தல் வேண்டும். விடுதியறையோ, கூட்டுக் குடும்பமோ, ஒரே வாய்க்காலின் நீரை உண்ணும் ஊர்களோ, எங்கும் பூசல் எழும்போது ‘யார் துரை?’ என்று வினவி அவனை வெளியேற்றத் துடிக்கின்றோம். அதனோடு நில்லாது, மெலியவர் விலகி நிற்க இடம் உளதா, கடைமடைக்கு நீர் செல்கின்றதா, வலியவர் எதனைக் காக்க வேண்டி இவ்வாறு பாய்கின்றார் என்னும் மூன்று வினாக்களையும் கேட்போமாயின், பல வழக்குகள் தீர்ப்புக்கு வருமுன்பே தணியும் என்பது என் துணிபு.